துண்டால் மூடிய திரை

துண்டை எடுத்ததும் தைல வாசம் வந்தது. உன் வீட்டுக்காரர் நேற்று ஆட்டோவில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய கம்ப்யூட்டர் திரையை நீ அதை மூடிவைக்கிற அதே நீலத் துண்டில்தான் சுற்றியிருந்தார். நீ கண்ணை மூடிய பிறகு வீட்டில் யாரும் அதைத் தொடவில்லையாம். மேசையில் வைத்துவிட்டுச் சாய்ந்த வெயிலில் கண்ணாடியைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. கீழே இடது மூலையில் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. கண்ணாடியில் கறை விடுகிறவள் இல்லையே நீ என்று நினைத்துக்கொண்டேன்.

இது நம் ஆபீசுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். துறைமுகத்துக்குப் போகிற சரக்குக்குக் காகிதம் தயார் செய்வது நம் வேலை. தொட்டால் வேலை செய்யும் திரை, கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று தன் மருமகன் சொன்னதைக் கேட்டு முதலாளி இதை வாங்கி நடுவில் வைத்தார். அதோடு நிற்காமல் நம் பழைய கம்ப்யூட்டர்களிலும் அதே புது விண்டோஸைப் போடச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் திறந்தால், திரை முழுக்க வண்ண வண்ணக் கட்டங்கள். சிலது தாமாகவே புரண்டு படம் மாற்றிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் கீழே இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டனைக் காணோம். உன் கை மவுஸை அந்த மூலைக்கே கொண்டுபோய்க் கொண்டுபோய் நின்றது.

"கப்பல் கெளம்புத நேரத்துல இது ஒக்காந்து படம் காட்டுதுளா" என்றாய்.

எனக்கோ பார்த்ததுமே பிடித்துப்போனது. காலை பஸ்ஸில் நீ என் தோளில் தூங்கிவருவாய். நான் உப்பளங்களில் வானம் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே வருவேன், எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே மறந்துவிடும். அப்படிப்பட்டவளுக்குத் தானாகப் புரளுகிற கட்டங்கள் பிடிக்காமல் என்ன செய்யும்? எதையும் தேட வேண்டாம், எல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது, வேண்டியதைக் கையால் தொட்டால் போதும் என்று உனக்கு எடுத்துச் சொன்னேன். நீ விடவில்லை. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறவனுக்காகச் செய்ததை, நாள் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்து தட்டுகிறவள் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். நான் ஒப்புக்கொண்டால் டீ நேரத்துக்குப் பேச்சு ஏது? அதனால் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் மிக்சர் தின்ற கையோடு அந்தத் திரையைத் தொட்டால் போதும், உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். முந்தானையால் துடைத்துக்கொண்டே திட்டுவாய். நீ ஒரு தடவைகூட அதை விரலால் தொட்டதில்லை. கொஞ்ச நாளில் ஆபீசில் எவரும் தொடவில்லை. ஓரமாக நகர்த்தி, அதன்மேல் காலண்டரைச் சாய்த்து வைத்தார்கள்.

பிறகு உனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆபீசிலேயே வேகமாகத் தட்டுகிறவளும் நீதான், அதிகம் பேசுகிறவளும் நீதான். இரண்டும் ஒரே நாளில் போய்விட்டது. முத்தையாபுரத்தில் உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிய நாட்கள் எத்தனையோ. கதவு சாத்தியே இருக்கும். உன் வீட்டுக்காரர் வெளியே வந்து, "யாரையும் பாக்க மாட்டேங்காம்மா, ஒங்களையுந்தான்" என்பார், தலையைக் குனிந்துகொண்டு. உயிரோடு இருக்கிற உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயம் மாதிரி ஒரு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஓரத்தில் கிடந்த திரை அப்போதுதான் கண்ணில் பட்டது. முதலாளியிடம் கேட்டதும் எடுத்துக்கொண்டு போ என்றார். உன் வாசலில் இறக்கினேன். சென்னையிலிருந்து வந்திருந்த உன் மகளிடம், இடது கை ஒன்று போதும், பெரிய கட்டங்கள்தான், ஆள் முகத்தைத் தொட்டால் அவர்களுக்கு வீடியோ கால் போகும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. நாட்கள் போயின.

ஒரு சாயங்காலம் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போனில் வீடியோ கால். திறந்தால் முதலில் மின்விசிறி தெரிந்தது, அப்புறம் சுவர், அப்புறம் நீ.

"ஏளா" என்றாய். அந்த ஒரு சொல்லுக்கே உனக்கு மூச்சு வாங்கியது. "பாத்துக்கிட்டியா… இதுதான் இப்பம் என் மூஞ்சி."

"மூக்குத்தி சாஞ்சி கெடக்கு, மொதல்ல அதச் சரி பண்ணுளா" என்றேன். நீ சிரித்தாய். கோணலாகத்தான் சிரித்தாய். அதைவிட அழகான ஒன்றை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் கதவும் திறந்தது. ஆனால் நான் வரும்போதெல்லாம் கேட் சத்தம் கேட்டதும் திரைமேல் துண்டு விழுந்துவிடும். ஏன் என்று கேட்டால் "தூசி" என்பாய். அந்தக் கட்டங்களை நீ ஆள்வதை நான் பார்த்துவிடக் கூடாது, பார்த்தால் தோற்றதாகிவிடும், அவ்வளவுதானே? புதிதாக வந்த விண்டோஸில் உன் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள், நீதான் ஜெயித்தாய், ஆளைக் கூட்டிவந்து மாற்றித் தரட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தூரத்தில் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது.

"மாத்த வேண்டாம்ளா. இப்பிடியே கெடக்கட்டும்" என்றாய். அந்தப் பேச்சை நாம் அப்புறம் எடுக்கவே இல்லை.

இன்று நானே திரையைப் போட்டேன். கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. படக் கட்டம் மெல்லப் புரண்டது. உன் மகள் வந்தாள், திருச்செந்தூர்க் கடல் வந்தது, மழையில் நனைந்த உப்புக் குவியல் வந்தது, மறுபடி உன் மகள். பிறகுதான் மூலையில் இருந்த அந்த மங்கலை மறுபடி பார்த்தேன். அதற்கு நேர் பின்னால் ஒரு கட்டம். அதில் என் முகம். மகள், வீட்டுக்காரர், டாக்டர் எல்லாரையும் மேலே வைத்துவிட்டு என்னை மட்டும் பழைய பட்டன் இருந்த இடத்தில் வைத்திருக்கிறாய். உன் கை தன்னால் போய் நிற்கிற மூலையில்.

துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டரில் அந்தப் பட்டனை நடுவுக்கு நகர்த்திவிட்டார்கள். நாளைக் காலையில் என் கை அந்த இடது மூலைக்குத்தான் போகும். அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் போகட்டும்.