முதலில் வால்வு, பிறகு மைக்

ஜங்லிகாட், வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சுஹைபுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் அம்மாவும் உன் மனைவி அஸ்ரினும் நலம், வயிற்றுப் பிள்ளையும் நன்றாக உதைக்கிறதாம், நீயும் சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க துஆ செய்கிறோம். நம் தெருக் குழாயில் சாக்கடை கலந்த செய்தி கேட்டுப் பதறிப் போன் செய்தாயாமே. போனில் அம்மா என்னைப் பேச விடமாட்டாள், அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தண்ணீர் ஆபீஸில் டிரெய்னிங் நடந்தது. குழாயில் அசுத்தம் கலந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த ப்ரியங்கா மேடம் சொல்லிக்கொடுத்தார். வால்வு திறக்கும் என் கையில், வால்வை மூடுமுன்பே மைக்கைக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி, இது டிரில், வெறும் ஒத்திகை, தண்ணீரை நிறுத்தப்போகிறோம், யாரும் பிடிக்காதீர்கள் என்று தமிழிலும் ஹிந்தியிலும் சொல்லவைத்தார்கள். தினமும் தண்ணீர் வராத ஊரில் நிறுத்தப்போகிறோம் என்றால் சும்மா இருப்பார்களா, தெருவே குடமும் டிரம்முமாக ஓடிவந்தது. முதல் ஆளாக நின்றது யார் என்கிறாய், உன் அம்மாதான். பானி பந்த் ஆகப்போகுது, சீக்கிரம் வாங்கடி என்று மற்றவர்களையும் கூப்பிடுகிறாள்! எனக்கு மானமே போயிற்று. மேடம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இந்த ஊருக்கு முதலில் வால்வு, பிறகுதான் மைக் என்று மாற்றிவிட்டார்.

இந்தத் திங்கட்கிழமை மழையில் சாக்கடைச் சுவர் இடிந்து பைப் மேல் விழுந்தது. வால்வுப் பக்கம் தண்ணீரில் லேசாக நாற்றம் அடித்தது. அன்று நம் தெருவுக்குத் தண்ணீர் விடும் முறை. பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் இருக்கிறாளே என்று என் கை முதலில் போனுக்குத்தான் போனது. நம் வீட்டுக்கு மட்டும் சொன்னால் ஆயிற்றா, தெருவில் எத்தனை பிள்ளைகள் என்று போனைப் பையில் போட்டுவிட்டு வால்வை மூடினேன், அப்புறம்தான் மைக்கைப் பிடித்தேன். என்ன பேசினேன் என்றே நினைவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு ஓடினேன். வால்வை மூடுமுன் அம்மா ஒரு குடம் பிடித்திருக்கிறாள், பார்க்கத் தெளிவாகத்தான் இருந்ததாம். அரிசி கழுவிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிறவள், அந்தக் குடத்தை அப்படியே கவிழ்த்துக் கொட்டிவிட்டு அஸ்ரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டிரில் அன்றைக்கு என் பேச்சைக் கேட்காதவள் இன்றைக்கு மட்டும் எப்படிக் கேட்டாய் என்றேன். மைக்குல உங்க குரல் நடுங்குச்சுங்க, அப்பவே இது டிரில் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டேன் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மகனே.

இப்போது பைப் சரியாகிவிட்டது, இருந்தாலும் கொதிக்கவைத்துத்தான் அஸ்ரினுக்குக் கொடுக்கிறோம், கவலைப்படாதே. பிரசவத்துக்கு முன்பே லீவு சொல்லி வை, கடைசி நேரத்தில் கப்பல் டிக்கெட் கிடைக்காது. வரும்போது மூடி போட்ட டிரம் ஒன்று வேண்டுமாம், அம்மாவின் உத்தரவு. உன்னையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் அல்லாஹ் நீண்ட ஆயுளோடு வைக்கட்டும்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அத்தா,
நஜிமுதீன்