உணவு மேசைக்கு ஒரு காடு

மார்ச் 4, செவ்வாய்

பூங்காக் காவலாளியிடம் இன்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். ஐம்பத்தாறு வயது மனிதன், கம்பி வேலிக்குள் தோள்வரை கையை விட்டு, ஒரு கட்டு புல்பூவோடு.

"என்ன சார், ஆடு வளக்கறீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். "இல்ல, சாப்பாட்டு மேசைல வைக்க" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

மேலும் கீழும் பார்த்தார். "ஏன், வீட்ல சமைக்கலையா?"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மகள் சாப்பிட வருகிறாள், எட்டு மாதத்துக்கு அப்புறம். "சமையலை நான் பாத்துக்கறேன். நீங்க பூ வச்சு மேசையை அழகு பண்ணுங்க. வாயைத் திறக்காம செய்யற வேலையாப் பாத்துக் குடுத்திருக்கேன்" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

மார்ச் 5, புதன்

போனில் வீடியோ பார்த்தேன். ஓர் அம்மணி, தேன் ஒழுகும் குரல். கிளை எப்படி வளர்ந்ததோ அப்படியே சாய விடுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்கிறார். நான் பிளம்பர். வளைய மாட்டேன் என்பதை வளைப்பதுதான் முப்பது வருடப் பிழைப்பு. யாரிடம் சொல்கிறார்!

கிடைத்தவை: பட்டுப்போன கிளை ஒன்று, மொட்டைமாடிச் சுவரில் சுரண்டிய பாசி, கூழாங்கல், புல்பூ, சாக்கடை ஓரத்து மஞ்சள் பூ. (அது எங்கே பூத்தது என்று வீட்டுக்காரிக்குத் தெரியாது.)

பூச்சாடி கேட்டேன். "போன தடவை உடைச்சதை முதல்ல வாங்கிக் குடுங்க" என்றாள். சரி, இருக்கவே இருக்கு நம்ம சரக்கு. மூன்று துண்டு இரும்புக் குழாய், அடியில் ஆளுக்கொரு மூடி. மரையில் ஒழுகாமல் இருக்க வெள்ளை டேப் சுற்றி, முடுக்கி, தண்ணீர் ஊற்றி, கிளைக்குப் பின்னால் ஒளித்துவிட்டால் முடிந்தது.

மார்ச் 6, வியாழன்

பாசி காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்தால் மறுபடி பச்சையாகிறது. நம் மேல் தெளிக்க ஆளில்லை.

மார்ச் 8, சனி

குழாய்களை முடுக்கி, எல்லாவற்றையும் ஒரு பலகைமேல் கட்டி மேசையில் ஏற்றியாயிற்று. டேப் சுற்றும்போதுகூட நாளைக்கு என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க இது, எதிர்ல உக்கார்ற ஆளே தெரியல!"

"காடுன்னா அப்படித்தான் இருக்கும்."

"வீடியோல அந்தம்மா பூ தாடைக்குக் கீழ இருக்கணும்னு சொன்னாங்களே, நானும் கேட்டேனே?"

அவர்கள் வீட்டுத் தாடை வேறு என்று சமாளித்தேன்.

இங்கே மட்டுமாவது உண்மையை எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, என் கண் உயரத்தை அளந்து, அதற்கு மேல் நாலு விரல் வைத்துத்தான் கட்டினேன். வேறு எப்படி மகள் எதிரில் உட்காருவது? ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கட்டடத்தில் பிளம்பராகச் சேர்ந்துட்டேன்னு அவள் சொன்ன அன்னிக்கு, சொந்தக்காரங்க அத்தனை பேர் நடுவுல — குழாய் முடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன், இனிமே என் மூஞ்சில முழிக்காதேன்னு கத்தினேன். அவள் முழிக்கவே இல்லை. சொன்ன பேச்சு கேட்கிற பெண். இந்த ஒரு பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா?

நாளைக்கும் எதையாவது உளறி அவளை அனுப்பிவிட்டால்?

மார்ச் 9, ஞாயிறு

வந்தாள். "வா" என்றேன். "ம்" என்றாள். மேசையைப் பார்த்து, "யாரும்மா பண்ணது?" என்று அம்மாவிடம் கேட்டாள். "வேற யாரு, உங்கப்பாதான். பூங்காவுல அடி வாங்காம வந்ததே பெருசு."

சாப்பிட உட்கார்ந்தோம். புல்லுக்கு நடுவே அவளுடைய ஒரு காது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் சாப்பிட்டிருப்பேன்.

"ப்பா. லீக் ஆகுது."

பாசிக்கு அடியில் இருந்து தண்ணீர் நேராக அவள் தட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருட பிளம்பர் வீட்டில், சாப்பாட்டு மேசையில்! எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவள் எழுந்து, கையைக் கழுவி, காட்டை அப்படியே தூக்கித் தரையில் வைத்தாள். ஒழுகிய குழாயை உருவி, மூடியைக் கழற்றிப் பார்த்தாள். முதலில் உதட்டைக் கடித்தாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"டேப்பைத் திருப்பிச் சுத்தியிருக்கீங்கப்பா! மூடியை முடுக்க முடுக்கப் பிரிஞ்சிருக்கு. முதல் நாள் வேலைக்கு வர்றவங்க பண்றது."

வீட்டுக்காரிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. நானும் சிரித்தேன், வேறு வழி?

மகள் கைப்பைக்குள் இருந்து டேப் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும்! பழையதை நகத்தால் கிள்ளி எடுத்து, கட்டை விரலால் அழுத்தி, மரை போகிற போக்கில் மூன்று சுற்று. வெடுக்கென்று அறுத்தாள். கையால் முடுக்கி, என்னிடம் ஸ்பேனர் வாங்கி அரைத் திருகு. மறுபடி தண்ணீர் ஊற்றி அடியில் விரலை ஓட்டினாள். பொட்டு ஈரம் இல்லை. காட்டைத் திரும்ப மேசையில் ஏற்றினாள்.

"இதென்னப்பா இவ்வளவு உயரம், உங்க மூஞ்சியே தெரியல" என்று சமையலறைக் கத்தரியால் புல்லைக் கழுத்தளவுக்கு வெட்டி, கிளையைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எதிரில் முழு முகம். வெயிலில் கறுத்திருக்கிறாள். புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு, எனக்குத் தெரியாமல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றேன். வெளியே வந்தது அவ்வளவுதான்.

நான் டேப் சுற்றினால் கடைசிச் சுற்றில் ஒரு மடிப்பு விழும். முப்பது வருடமாக விழுகிறது. அவள் சுற்றியதில் விழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னைவிட நல்லா சுத்துறடி என்று நாக்கு நுனிவரை வந்தது.