கல்வெட்டில் காய்ச்சல் என்று எழுதினார்கள்

காற்சட்டைப் பையில் எந்நேரமும் வறுத்த கச்சான் கடலை வைத்திருந்த என் அண்ணைக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது என்றார்கள். வெளிநாட்டில் நான் வேலைசெய்யும் ஆய்வுகூடத்தில் விடுமுறை எடுத்துக்கொண்டு, கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்தேன். அரியாலையில் நம் வீடு அப்படியே நிற்கிறது. கரண்ட் இல்லை, சவர்க்காரம் யானை விலை. உங்கள் சைக்கிளில் இப்போது அம்மாதான் சந்தைச் சாமானைக் கட்டி உருட்டிக்கொண்டு வருகிறார்.

அங்கே ஒரு புது வேலைக்கு விண்ணப்பிக்க, நான் இதுவரை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். அதற்காகக் கட்டுரைகளைக் கையோடு கொண்டுவந்தேன். எல்லாம் இரத்தப் புற்றுநோய் பற்றியவை. ஒருவரின் எலும்புக்குள் இருக்கும் மச்சையை எடுத்துக் கூடப்பிறந்தவருக்கு ஏற்றினால் எப்போது ஒட்டும், எப்போது ஒட்டாது? சுற்றிச் சுற்றி இதுதான் என் கேள்வி. அம்மா புரட்டிப் பார்த்தார்.

"உதுகளை ஆர் பிள்ளை படிக்கிறது?"

"எங்கடை ஒழுங்கையிலை, இந்தத் தெருவிலை ஒருத்தரும் இல்லையம்மா."

இருவரும் சிரித்தோம். பிறகு எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் வீட்டிலிருந்து வெளிவந்ததில் ஊர் முழுக்க வாசித்தது ஒன்றே ஒன்று. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த கல்வெட்டுப் புத்தகம். அட்டையில் உங்கள் படம், உள்ளே புலவர் பாடிய வெண்பாக்கள். அந்த வெண்பாக்களில் உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல். நான் எழுதியதெல்லாம் உண்மை, வாசிக்க ஆளில்லை. ஊரே வாசித்தது பொய்.

கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். என் இரத்தத்தைப் பரிசோதிக்கலாம், பொருந்தினால் வெளிநாட்டில் மச்சை மாற்றலாம் என்று டாக்குத்தர் சொன்னபோது நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்பா இல்லாத வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். "குமர்ப்பிள்ளையின்ரை எலும்புக்கை ஊசி போட்டதெண்டு தெரிஞ்சா நாளைக்கு ஆர் கட்டுவான்? குடும்பத்திலை ரத்த வருத்தமெண்டு ஊர் கதைக்கும்" என்றார். கட்டிலில் கிடந்த நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். "விடுங்கோ சித்தப்பா. அவளைக் கரைச்சல்படுத்த வேண்டாம்."

எனக்காகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் அண்ணை, அதற்காக இன்றும் உங்களோடு கோபம்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? சித்தப்பா காப்பாற்றிய அந்தக் கலியாணம் கடைசிவரை நடக்கவேயில்லை என்பது வேறு கதை.

இப்போது செய்தியைக் கேளுங்கள். நல்லூரில் சித்தப்பாவின் மகன் ரவிக்குக் கொஞ்ச நாளாகக் "காய்ச்சல்". போய்ப் பார்த்தேன். வெளிறின முகம், பல் முரசில் இரத்தக் கசிவு, கையெல்லாம் கன்றிய நீலத் திட்டு. டாக்குத்தர் நோயின் பெயரைச் சொல்லிவிட்டாராம். சித்தப்பாதான் வெளியே விடவில்லை. ரவியின் அக்கா சுமதிக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருக்கிறது.

"சுமதியின்ரை ரத்தத்தைப் பாக்கவேணும், சித்தப்பா."

"கலியாணம் முடியட்டும், பிள்ளை."

"அதுக்கிடையிலை அவன் போயிடுவான்."

அவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். கதவடியில் நின்ற சுமதி என்னிடம் வந்தாள். "அக்கா, என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு ஊசி குத்துங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லுறன். வேண்டாமெண்டா போகட்டும்." அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

அதனால்தான் இந்த வருடம் பத்திரிகையில் உங்கள் நினைவஞ்சலியை நானே எழுதுகிறேன்; இந்தக் கடிதம்தான் அது. கடதாசித் தட்டுப்பாட்டில் பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் வருகிறது. வரட்டும். "பேப்பரிலை போட்டு மானத்தை வாங்கப்போறியோ?" என்று சித்தப்பா கேட்டார். ஓம், போடப்போகிறேன். ரவியும் சுமதியும் சம்மதித்துத்தான் அவர்கள் பெயர் இதில் இருக்கிறது.

என் அண்ணை இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அது தொற்றாது. அது குடும்பத்துக்கு வந்த மாசும் இல்லை. மச்சை கொடுத்தவளுக்கு அது திரும்ப ஊறும். அவள் பிள்ளை பெறலாம், தோட்டம் கொத்தலாம், நூறு வயது வாழலாம். வாசிக்கிறவர்கள் இதை ஒழுங்கைக்கு ஒழுங்கை கதையுங்கள்.

என் வெளியீடுகளின் பட்டியலில் இந்தக் கடிதத்தை முதலாவதாக எழுதிவிட்டேன். இது ஆய்வு இல்லை என்று என் ஆய்வுகூடத்துப் பேராசிரியர் வெட்டுவார். அவர் வெட்ட வெட்ட நான் எழுதுவேன்.

நாளைக்குச் சுமதியும் ரவியும் என்னோடு கிளாலிக்கு வருகிறார்கள். கொழும்பில் இரண்டு பேரின் இரத்தத்தையும் எடுத்து என் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். பொருந்துமா? கூடப்பிறந்தவர்களிலும் பொருந்தாமல் போவதுதான் அதிகம். இன்று காலை சித்தப்பா நம் வாசல் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. வள்ளத்தில் பிள்ளைகளுக்குக் குளிரும் என்று ஒரு போர்வையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அண்ணை, பொருந்தினால் ரவியை உங்களிடம் லேசில் விடமாட்டேன். பொருந்தாவிட்டால் வேறு வழி தேடி இன்னும் பத்துக் கட்டுரை எழுதுவேன். என்ன நடந்தாலும், எங்கள் வீட்டில் இனி ஒருவருக்கும் காய்ச்சல் என்று பொய் எழுத விடமாட்டேன். இது சத்தியம்.

ஒருவேளை உங்களுக்குப் பொருந்தியிருக்கக்கூடிய,
உங்கள் ஒரே தங்கச்சி
பவானி