கிணற்றுப் பாசியில் கோடுகள்

வடமாலபேட்டை,
25-3-1958

அன்பு மகன் நாகேந்திரனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் தாட்சாயணியும் மாடுகளும் சுகம். பட்டணத்து வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று முதலில் எழுது. வழக்கம்போல் நான் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். இந்தத் தடவை அவள் சேதியையே சொல்ல வேண்டியிருப்பதால் எழுந்து ஓடப் பார்க்கிறாள், தாவணியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

நம் வேர்க்கடலை வாடுவதைப் போன கடிதத்தில் சொல்லியிருந்தேன். கிணறு நமக்கும் கன்னையா மாமாவுக்கும் பொதுவல்லவா, ஒருவர் இறைத்த பிறகு தண்ணீர் ஏறி மேலே பதித்திருக்கும் வாய்க்கல்லைத் தொட்டால்தான் அடுத்தவர் மாடு பூட்ட வேண்டும் என்பது உன் தாத்தா காலத்து ஏற்பாடு. இந்தக் கோடையில் கல்லைத் தொட மறுநாள் பொழுது சாய்ந்துவிடுகிறது. நடுவில் நீ இறைத்தாய், நான் இறைத்தேன் என்று பேச்சு முற்றி உன் நைனாவும் அவரும் முகம் பார்ப்பதை விட்டார்கள். அவர் கரும்பும் காய்ந்தது, நம் கடலையும் காய்ந்தது. அப்போதுதான் உன் கடிதம் வந்தது. காலேஜில் என்ன கணக்கு என்று இவள் கேட்டதற்குத் திருப்பதி பஸ்ஸை வைத்து எழுதியிருந்தாயே, போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்தால் மொத்த வேகம்தான் தெரியும், ரயில்வே கேட்டில் நிற்பதும் இறக்கத்தில் பறப்பதும் தெரியாது, அந்தந்த நேரத்து வேகம் வேண்டுமானால் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் பார்க்க வேண்டும் என்று. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இவள், இறைத்து முடிந்து கிணறு ஊறத் தொடங்கியதும், எந்திரக்கல்லில் ஒரு படி கேழ்வரகு அரைப்பாள், கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீர் நிற்கும் இடத்தில் பாசியை ஆணியால் கீறிவிட்டு வருவாள், மறுபடி ஒரு படி அரைப்பாள். "மாவு அரைக்கிறவளுக்குக் கெணத்துல இன்னாடி வேலை" என்று கத்திப் பார்த்தேன். மாதம் முழுதுக்கும் மாவு சேர்ந்ததுதான் மிச்சம்.

அடுத்த முறை இறைத்துத் தண்ணீர் இறங்கியதும் கோடுகள் வெளியே தெரிந்தன. மாமா வீட்டு ஜெயம்மா அத்தை பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டாள். ஆந்திரா, மெட்ராஸ் எல்லையை அளக்க ரெவின்யூ ஆட்கள் ஊரில் சங்கிலி இழுத்துப்போன சமயம், கன்னையா மாமா ஓடிவந்து, "கெணத்துக்குள்ளயே எல்லை போட்டுட்டானுங்கடா, மேல்தண்ணி மெட்ராஸுக்கு, அடித்தண்ணி ஆந்திராவுக்கா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். உன் நைனாவும் கோபத்தை மறந்து, "நம்பளைக் கேக்காம எப்படி மாமா அளப்பானுங்க" என்று துண்டை உதற, இருவரும் ஒன்றாக, ஊர் நிலக்கணக்கு பார்க்கும் கர்ணம் வீட்டுக்கு நியாயம் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான்தான் மாமா கீறினேன்" என்றாள் இவள். இவள் குரலை அன்றுதான் கேட்டதாக ஜெயம்மா சொல்கிறாள்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் அதே ஒரு படி மாவு நேரம்தான். அடியில் கோடுகள் முழ இடைவெளியில் இருந்தன, மேலே வர வர நெருங்கி, வாய்க்கல்லுக்குக் கிட்டே ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. "ஊத்து அடியில ஓடுது, நடுவுல நடக்குது, கல்லுகிட்ட தூங்குது மாமா. அது தூங்கறதுக்குத்தான் நாம காத்துக்கினு கீறோம்" என்றாள். "அப்ப பாதியிலயே பூட்டலாம்ன்றியா பொண்ணே" என்று அவர் கேட்க, தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது இருவரும் பாதியிலேயே பூட்டுகிறார்கள். ஒரு முறைக்கு வரும் தண்ணீர் குறைவுதான், ஆனால் முறை சீக்கிரம் சீக்கிரம் வந்துவிடுவதால் மொத்தத்தில் அதிகமே பாய்கிறது. கடலை தலை நிமிர்ந்துவிட்டது. மாமா அந்த இடத்தில் ஒரு கல்லைப் பதித்துத் தாட்சாயணி கல் என்கிறார், இவள் வெட்கப்பட்டு அந்தப் பக்கமே போவதில்லை. மழைக்கு ஊற்று பலத்தால் கோடுகளும் மாறுமா என்று உன்னைக் கேட்கச் சொல்கிறாள்.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றோடு படிக்காதே. நம் ஊர் ஆந்திராவில் இருந்தாலும் சென்னை ராஜ்யத்துக்குப் போனாலும் கடலை பிடுங்க வந்துவிடு. வரும்போது உன் பழைய கணக்குப் புத்தகத்தை இவளுக்குக் கொண்டு வா. இவளைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னேன், பேனா நின்றுவிட்டது. எழுதினாளா என்று எனக்குத் தெரியாது, நீ வந்து படித்துக் காட்டு. நூறு வயது நன்றாக இரு.

உன் அம்மா
கமலம்மா (கைநாட்டு)

அண்ணா, அம்மா சொன்ன அந்த வார்த்தையை எழுதவில்லை. புத்தகத்தை மறக்காதே. தாட்சாயணி.