ஊரின் பேரைத் திருப்பிச் சொல்ல ஓர் ஆள்

என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இது மூன்றாவது கோடை. உங்கள் நினைவு நாளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மனைவி, என் மச்சாள், கேட்டிருந்தார். நல்லதாக நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நாளைக் காலை பத்து மணிக்கு மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை இருக்கிறதா, போகிறதா என்பது அந்த அறைக்குள் போனால்தான் தெரியும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு உங்கள் வேலை என்னவென்று தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசித் திருத்தாதீர்கள். நீங்கள் வட இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பிரித்தானியாவின் வர்த்தகத் தொலைக்காட்சி ஒரே கம்பனி இல்லை. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒரு கம்பனி இருந்தது. அதற்கென்று ஒரு சின்னம், அந்த ஊர்க்காரர்களுக்கு முகம் தெரிந்த அறிவிப்பாளர், உள்ளூர்ச் செய்தி, உள்ளூர்த் தளபாடக் கடையின் விளம்பரம். எது எந்தப் பிரதேசத்துக்குப் போகவேண்டும் என்று பார்த்து விசையை அழுத்துவது உங்கள் வேலை.

பிறகு அரசாங்கம் உரிமங்களை மூடிய உறைகளில் ஏலம் விட்டது. தோற்ற கம்பனிகள் ஒரு வருடத்தின் கடைசி நாளில் நேயர்களிடம் விடைபெற்றுக்கொண்டு காணாமல் போயின. வென்றவையும் நெடுநாள் நிற்கவில்லை. சட்டம் தளர்ந்ததும் பெரியது பக்கத்தில் இருந்ததைச் சேர்த்துக்கொண்டது, அதை இன்னும் பெரியது சேர்த்துக்கொண்டது. கடைசியில் இங்கிலாந்து முழுக்க ஏறத்தாழ ஒரே கம்பனி. வாசலில் பெயர்ப்பலகை மூன்று தரம் மாறியது, நான் உட்காரும் கதிரை மட்டும் மாறவில்லை என்று சொல்லிச் சிரிப்பீர்கள். அடுத்த தரம் கதிரையும் போயிற்று. உங்கள் ஊருக்கான விசையை வேறொரு நகரத்தில் இருந்து யாரோ அழுத்தத் தொடங்கினார்கள். நீங்கள் குடும்பத்தோடு மெல்பேர்னுக்கு விமானம் ஏறினீர்கள்.

உங்கள் கட்டுப்பாட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. விசையை அழுத்த முன் ஊரின் பேரைச் சத்தமாகச் சொல்லவேண்டும். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் திரையைப் பார்த்து அதே பேரைத் திருப்பிச் சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் விரல் இறங்கும். மெல்பேர்னில் கிளென் வேவர்லி வீட்டிலும் இந்தக் கூத்தை நடத்தினீர்கள். வெளியே போகும்போது “குசினி அடுப்பு” என்பீர்கள். மச்சாள் “ஓம்” என்றால் உங்களுக்குப் போதாது. “ஓம் எண்டு சொல்லாதை, என்னத்தை நிப்பாட்டினனி எண்டு சொல்லு” என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் உங்களை எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

கேலி செய்த வாய்க்கு நன்றாக வேண்டும். நானும் அதே வேலைக்குத்தான் வந்தேன். சிட்னியின் மேற்கில் ஒரு கட்டடத்தில் இருந்துகொண்டு, நான் கண்ணால் காணாத நாட்டுப்புற ஊர்களுக்கு ஒளிபரப்புகிறேன். போன வருடம் இங்கேயும் மூன்று கம்பனிகள் ஒன்றாகின. கேக் வெட்டினார்கள். அடுத்த வாரம் என் பக்கத்துக் கதிரையை எடுத்துக்கொண்டு போனார்கள். முன்பு நாலு ஊருக்கு இரண்டு பேர் இருந்தோம். இப்போது பதினொரு ஊருக்கு நான் ஒருத்தி. திரையில் ஊர்களின் வரிசையையும் மாற்றிவிட்டார்கள். பழைய பட்டியலில் மேலிருந்து மூன்றாவதாக மலையடி ஊர் ஒன்று இருந்தது. புதிய பட்டியலில் அந்த இடத்தில் ஆற்றங்கரை ஊர் வந்துவிட்டது. பெயர்களை இங்கே எழுதவில்லை, அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் சரியான வெக்கை. மலையடி ஊரை நோக்கிக் காட்டுத்தீ வருகிறது, உடனே வெளியேறுங்கள் என்று தீயணைப்புத் துறையிடம் இருந்து செய்தி வந்தது. அதைத் திரையின் அடியில் ஓடவிடவேண்டும். எத்தனையோ தரம் செய்த வேலை. கை தானாகவே மூன்றாவது வரிக்குப் போனது, அழுத்தினேன்.

ஆறு நிமிடம் அண்ணா. ஆறு நிமிடம் அந்தச் செய்தி தீ இல்லாத ஆற்றங்கரை ஊரில் ஓடியது. தீ வருகிற ஊரில் சமையல் நிகழ்ச்சி ஓடியது, அடியில் ஒரு எழுத்தும் இல்லை. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து அந்தத் திரையைப் பார்த்தேன். மாற்றினேன். அவசரத்தில் ஒரு விசையை இரண்டு தரம் தேடவேண்டியிருந்தது. அன்றைக்குக் காற்றுத் திரும்பியது, ஊர் தப்பியது. திரும்பாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியோடுதான் ஒரு வாரமாகச் சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், ரயில் ஏறுகிறேன்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவர் கார்த்திக், மதுரைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். “யாரும் கவனிக்கலைக்கா. புகாரும் வரலை. நீங்களா ரிப்போர்ட் எழுதினா, அடுத்த ஆட்குறைப்புல உங்க பேர்தான் முதல்ல நிக்கும். விட்டுடுங்க.” அவர் சொன்னதில் பிழை இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் இந்தக் கதிரையை விட்டால் எனக்கு வேறு கதிரை கிடையாது.

சனிக்கிழமை மேய்ஸ் ஹில் கோவில் முருகனிடம் போனேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிடிபடக்கூடாது என்று கேட்பதா, பிடிபடவேண்டும் என்று கேட்பதா? திருநீற்றைப் பூசிக்கொண்டு, குவேக்கர்ஸ் ஹில் வீட்டுக்குத் திரும்பும்வரை காரில் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஏன் திட்டினேன் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பிரதேசங்களை ஒரே அறைக்குள் கொண்டுவந்து, உங்கள் பக்கத்துக் கதிரையைக் காலியாக்கிய காலத்தில் உங்கள் கையும் பழைய இடத்துக்குப் போனதே. வெள்ளத்தில் மூடிய பாதைகளைச் சொன்ன உள்ளூர்ச் செய்தி பக்கத்துப் பிரதேசத்துக்குப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீங்களாகவே பதிவேட்டில் எழுதினீர்கள். ஆட்குறைப்பு வந்தபோது அந்த ஒரு வரியைத்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். பெரிய உத்தமர் என்று அப்போது உங்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். எழுதியதற்கு எப்போதாவது வருந்தினீர்களா அண்ணா? கேட்க எனக்கு வாய் வரவில்லை, இப்போது கேட்கவும் ஆள் இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மச்சாளுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாவின் தைரியம் எனக்கு இல்லை என்று அழுதேன். மச்சாள் என்னை மேலே பேசவிடவில்லை.

“என்ன தைரியம்? ரெண்டு நாள் சாப்பிடேல்லை மனுசன். மூண்டாம் நாள்தான் எழுதினவர். அடுத்த முறையும் கை அங்கதான் போகும் எண்ட பயத்தில எழுதினவர். எழுதின பிறகும் பயந்துகொண்டுதான் இருந்தவர்.”

இத்தனை வருடம் உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். அன்றைக்கே அறிக்கையை எழுதினேன். ஆறு நிமிடத்தையும் எழுதினேன், மாறிய வரிசையையும், எடுத்துக்கொண்டு போன கதிரையையும் எழுதினேன். அனுப்பிய பிறகு நெஞ்சு இலேசாகும் என்பார்கள். எனக்கு ஒன்றும் இலேசாகவில்லை.

திங்கட்கிழமை மறுபடி எச்சரிக்கை வந்தது, இந்த முறை வேறு ஊர். வரியைத் தட்டெழுதி, ஊரைத் தெரிந்தெடுத்து, சத்தமாகப் பேரைச் சொன்னேன். பதினொரு திரைகளும் தங்கள் பாட்டில் ஓடின. என்னால் அழுத்த முடியவில்லை. அறைக்குள் கைத்தொலைபேசி கூடாது என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. எடுத்துத் திரையைப் படம் பிடித்து மச்சாளுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

“மச்சாள், படத்தைப் பாருங்கோ. தீ எந்த ஊருக்கு எண்டு இருக்கு? நான் அமத்தப்போறது எந்த ஊர்?”

பின்னால் குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றது. கண்ணாடியைத் தேடிப் போட்டிருக்கவேண்டும். மச்சாள் “ஓம்” என்று சொல்லவில்லை அண்ணா. ஊரின் பேரை இரண்டு தரம், எழுத்துக்கூட்டி, பிழையில்லாமல் சொன்னார். அழுத்தினேன்.

நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருப்பது அறிக்கைக்காகவா, தொலைபேசிக்காகவா தெரியவில்லை. இரண்டுக்குமாகவும் இருக்கலாம். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். அந்த அறையில் என் வேலையைத் தாருங்கள் என்று கேட்கமாட்டேன். அந்த இரண்டாவது கதிரையைக் கொண்டுவந்து போடுங்கள் என்று கேட்பேன். அதில் யார் இருந்தாலும் சரி, மற்றதில் நான் இல்லாமல் போனாலும் சரி. கதிரை வரும்வரை, இன்னொரு குரல் ஊரின் பேரைச் சொல்லிக் கேட்காமல் நான் விசையைத் தொடமாட்டேன்.

பத்து மணிக்குப் போனைக் கையில் வைத்திருப்பதாக மச்சாள் சொல்லியிருக்கிறார்.

உங்களைப் போலவே பயப்படுகிற,
உங்கள் தங்கச்சி