செவெரினோ தோட்டத்தில் ஒரு பேத்தி

ரோவிகோ,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு மகள் நீவெஸுக்கு,

துல்லியோ எழுதுகிறேன். உடம்பளவில் நானும் லொரெதானாவும் சுகம். ஒஸ்லோவில் குளிர் தொடங்கிவிட்டதா? உன் கடிதம் வந்து நாளாகிறது. அங்கே ஒருவரைப் பிடித்திருப்பதாக எழுதி, எங்களிடம் அனுமதி கேட்பதுபோல் முடித்திருந்தாய். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

விடுமுறைக்கு மலைப்பக்கம் போயிருந்தோம். திரும்பும் வழியில் வால்தொப்பியாதெனே வந்ததும், லொரெதானா காரைத் திருப்பச் சொன்னாள். உன் கல்யாணத்துக்காக நாம் நால்வரும் போய் நுரை ஒயினைக் குடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோமே, அந்தச் செவெரினோவின் திராட்சைத் தோட்டத்துக்கு. எனக்கு மனமில்லை. மறுக்கவும் முடியவில்லை.

மனிதர் அப்படியேதான் இருக்கிறார். செங்குத்துச் சரிவிலிருந்து இறங்கி வந்து, "எங்க கல்யாணக் கோஷ்டி வந்தாச்சு!" என்று கட்டிக்கொண்டார். ஒயின் பெட்டிகளை நம் மிர்கோவே வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனான் அல்லவா? அடுத்த வாரம் பாலத்தில் பைக் சறுக்கி அவன் போய்விட்டது இவர் காதுக்கு எட்டவே இல்லை. பாட்டிலைத் திறந்துகொண்டே, "பொண்ணும் மாப்பிள்ளையும் எப்படி இருக்காங்க? ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் லொரெதானா முந்திக்கொண்டாள். "நல்லா இருக்காங்க. பொண்ணு பொறந்திருக்கு. அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கா, கன்னத்துல குழிகூட."

"அப்போ உங்க ஊர்ப் பையன்கள் பாவம்!" என்று சிரித்தார் செவெரினோ. பேர் கேட்டார். பியாங்கா என்றாள் இவள், பல நாள் கூப்பிட்டுப் பழகியதுபோல. குழந்தையின் பேரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்தியவர், என் பக்கம் திரும்பினார்.

"என்ன தாத்தா, ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க? பேத்திக்குக் கண்ணு பட்டுடும்னு பயமா?"

லொரெதானா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் அத்தனை வெளிச்சம் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"நடக்க ஆரம்பிச்சிட்டா. பிடிக்கவே முடியலை" என்றேன்.

அதன்பிறகு இருவருமாகப் பேசிக்கொண்டே போனோம். பல் முளைத்ததை இவள் சொன்னாள். பூனை வாலை இழுப்பதை நான் சொன்னேன். செவெரினோ வயிறு குலுங்கச் சிரித்தார். "பிள்ளைங்களைக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று வழியனுப்பினார்.

ஆற்றோரம் வந்ததும் காரை நிறுத்திவிட்டேன். கண்ணீர் பாதையை மறைத்தது. லொரெதானா அழவில்லை. "கொஞ்ச நேரம் அவன் இருந்தான், இல்லையா துல்லியோ?" என்றாள். பிறகு அழுதாள். வீடு வரும்வரை அழுதாள்.

மகளே, உனக்கு எங்கள் அனுமதி எதற்கு? கல்யாணம் செய்துகொள். நிறையச் சிரி. உனக்குப் பிடித்தவரை இங்கே அழைத்து வா. சாப்பாட்டு மேசையில் அவருக்கும் இடம் இருக்கிறது. லொரெதானாவும் இதையே எழுதச் சொன்னாள். கடல், மலை, எங்கு வேண்டுமானாலும் கூட்டிப் போய்க் காட்டு.

அந்தத் தோட்டத்துக்கு மட்டும் வேண்டாம், அம்மா. அங்கே நீ இன்னும் எங்கள் மருமகள்.

உன் நல்வாழ்வை நாளும் வேண்டும்,
துல்லியோ