பரீட்சைக்கு நடுவே திறந்த கதவு

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். சேர்ந்த மறுநாளே மானம் கப்பலேறிவிட்டது. நீ என் போனுக்குப் போட்டுக் கொடுத்த பன்னிரண்டெழுத்துப் பாஸ்வேர்டு, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மறந்துபோயிருந்தது. போன் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். "பாஸ்வேர்டு மறந்தா இப்படி ஒரு கேள்வி கேக்கும் பெரியவரே. சின்ன வயசுல உங்களை வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க?" என்றார் கடைக்காரர். கடையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். குனிந்து மெதுவாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் உரக்கச் சொன்னேன்: "உருண்டை." ஆறு பேரும் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார்கள். போன் அதற்கும் மசியவில்லை. நான் ஏற்கெனவே தப்புத் தப்பாக அமுக்கியதில் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டதாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

இருபத்தாறு வருஷம் கிடங்கு வாசலில் காவலுக்கு நின்றவன் நான். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்ப்பதுதான் பிழைப்பு. நீ கம்ப்யூட்டருக்குள் அதே வேலைக்குப் படிக்கிறாய் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். "அப்ப குடும்பத் தொழில்னு சொல்லுங்க" என்றார். பரீட்சை என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுதிய பரீட்சையின் பாதியில் உன் அறைக் கதவைத் திறந்ததற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது. மூன்று வருஷம் உன் வீட்டில் இருந்தவனை நீ ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏற்றிவிட்டதில் எனக்கு வருத்தமில்லை. பாப்பாவின் இடது செருப்பில் வார் அறுந்திருக்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், கவனி.

அப்பா

மார்ச் 12

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பா "உருண்டை, உருண்டை" என்று சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அறைக்குள் இன்னொருவர் வந்து பேசியிருக்கிறார், ஆகவே பரீட்சை செல்லாது. முறைகேடு என்று என் பெயரில் எழுதியிருக்கிறார்கள். சைபர் செக்யூரிட்டி படித்தவளுக்கு இந்தப் பட்டம். உங்கள் மாப்பிள்ளை எங்களை விட்டுப் போன பிறகு பார்சல் கம்பெனியின் புகார் கவுண்ட்டரில் நாளெல்லாம் வசவு வாங்கி, வீட்டுக்கு வந்து பாப்பாவைக் குளிப்பாட்டி, அதற்கப்புறம் பாடத்தைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று வருஷம் அப்பா. தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவில் எனக்கென்று வைத்திருக்கும் இடம் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான்.

மேல்முறையீடு செய்யலாம். உள்ளே வந்தவர் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு வரி போதும். "பாப்பா அழுதாள். அடங்கவில்லை. பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். பரீட்சையில் எந்த உதவியும் செய்யவில்லை." நடந்ததைத்தான் எழுதச் சொல்கிறேன். தயவுசெய்து அதில் உங்கள் கிண்டலைக் கலக்க வேண்டாம். உடனே அனுப்புங்கள்.

மகள்

மார்ச் 17

அன்பு மகளுக்கு,

நான்கு வரி எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. பத்தாவதோடு நின்றவன் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன், சும்மாவா? முதல் தாளை "மேன்மை தங்கிய" என்று தொடங்கினேன். அந்த மேன்மையை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கிழித்துப் போட்டேன். இரண்டாவது தாளில் கிடங்கில் நான் வாங்கிய நற்சான்றிதழ் வரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் நீ சொன்ன நான்கு வரியை, நீ சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் வந்து உனக்கு விடை சொல்லிக்கொடுத்தேன் என்றா சந்தேகப்படுகிறார்கள்? என் போனையே எனக்குத் திறக்கத் தெரியாது என்று கடைக்காரரிடம் ஒரு சான்று வாங்கி அனுப்பட்டுமா? சரி, கிண்டல் வேண்டாம் என்றாய்.

வேலை கிடைத்ததும் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்குப் போய்விடுவாய். ஆபீஸ் பக்கத்திலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் இருக்கிறது, சாப்பாடு தூக்கம் எல்லாம் அவர்களே கவனித்துக்கொள்வார்கள் என்று பரீட்சைக்கு முந்தின நாள் சொன்னாய். "நீங்க எவ்வளவு நாள்தான்பா எனக்காகக் கஷ்டப்படுவீங்க. இனிமே நிம்மதியா உங்க வீட்டுல இருங்க" என்றாய். நல்ல மனசோடு சொன்னதுதான். இங்கே நிம்மதிக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் வாசல் கதவைத் திறக்கிறேன், சாயங்காலம் சாத்துகிறேன். நடுவில் யாரும் வருவதில்லை. கிடங்கில்கூட இவ்வளவு சுலபமான வேலை எனக்குக் கிடைத்ததில்லை.

பாப்பாவுக்குத் தலைவாரும்போது கதை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஓடிவிடுவாள். இப்போது யார் சொல்கிறார்கள்?

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது.

விசாரணையில் அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினார்கள். குழந்தை அழும் சத்தம் அதில் ஓரிடத்திலும் இல்லை. "பாப்பா அழறாம்மா" என்று நீங்கள் சொல்வது மட்டும்தான் கேட்கிறது. நான் விடவில்லை. கதவு சாத்தியிருந்தது, மைக் மட்டமானது, எங்கள் அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை என்று வாதாடினேன். "உங்க நம்பிக்கை எங்களுக்கு ஆதாரம் ஆகாதும்மா" என்றார் விசாரணை அதிகாரி. முதல் பாடத்திலேயே நான் படித்ததுதான்.

அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமாம். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தாயிற்று. நான் கவுண்ட்டரிலேயே இருக்கிறேன். இன்று ஒருவர் உடைந்து வந்த கண்ணாடி ஜாடியை என் மேசைமேல் கொட்டிவிட்டுப் போனார். பொறுக்கினேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தள்ளுபடிக் கடிதம் வந்த அன்று பாப்பாவை அடித்துவிட்டேன். "அன்னைக்கு ஒரு மணி நேரம் அழாம இருந்திருந்தா என்னடி" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். நாலு வயசு. "இனிமே அழமாட்டேம்மா" என்றாள். அன்றிலிருந்து அழவில்லை அப்பா. நேற்று அலமாரி இடுக்கில் விரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

உங்கள்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. குழந்தை அழுதால் எந்தத் தாத்தா சும்மா இருப்பார்? நீங்கள் வந்துவிடுங்கள். அடுத்த வீட்டு அக்காவிடம் அவளை விட்டுப் போவது சரிப்படவில்லை. இன்னும் ஒரு வருஷம் நான் எங்கேயும் போகப் போவதில்லை. உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மகள்

ஏப்ரல் 7

மகளே,

உன் கடிதத்தைப் பிரித்ததும் "வந்துவிடுங்கள்" என்ற வார்த்தைதான் முதலில் கண்ணில் பட்டது. உடனே கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் துணி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் மேலே இருந்ததைப் படித்தேன்.

பாப்பா அன்று அழவில்லை. கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, துணிக்கு மாட்டுகிற கிளிப்புகளை வரிசையாக அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த அதிகாரி சொன்னது சரி.

பரீட்சை முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவில் தாள் எழுதி ஒட்டியதே நான்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. கதவைத் திறந்ததும் நீ இரண்டு கையையும் ஆட்டி, போங்கள் போங்கள் என்றாய். என் வாயில் அந்தப் பொய் வந்தது. கூடத்துக்குத் திரும்பியபோது பாப்பா ரயிலை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். "நான் அழலையே தாத்தா" என்றாள். வாயில் விரலை வைத்து, சும்மா இரு என்று காட்டினேன். நாமெல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னதில், அவளும் அழுததாகவே நம்பிவிட்டாள்.

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே அவளை மடியில் உட்கார வைத்துச் சொல்லிவிடு. "நீ அழலைடா கண்ணு, தாத்தாதான் பொய் சொன்னார்" என்று சொல். தாத்தாதான் என்று அழுத்திச் சொல். அப்புறம் அவள் ஆசை தீர அழட்டும். பல்கலைக்கழகத்துக்கும் இதை அனுப்பு, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

நான் வரவில்லை. நீ வரச்சொல்லி எழுதியது பொய் சொல்லாத ஒரு அப்பாவுக்கு.

உன்னைப் போகவிடக் கூடாது என்றுதான் கதவைத் திறந்தேனா, முந்தின நாளிலிருந்து தொண்டையில் நின்ற ஒன்றைக் கேட்டுவிடலாம் என்று திறந்தேனா, எனக்கே இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்னையும் கூட்டிக்கிட்டுப் போவியாம்மா? இதை மட்டும் நான் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அப்பா